பேச்சி கொடுக்காத பாட்டு

கோப்பை ஒரு சின்னப் பிள்ளை உயரம் இருந்தது. மேடையில் மேசை போட்டு அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். ஒட்டின பசை வெக்கையில் இளகி, கல்யாண மண்டபம் பூராவும் ஒரு வாடை. பந்தி நடக்கும் கூடத்திலிருந்து வந்த தக்காளிச் சோற்று வாசத்தையே அது அமுக்கிவிட்டது.

தங்கக் கலர் பூசிய பிளாஸ்டிக். உச்சியில் ஒரு கித்தார் பொம்மை. செய்தவன் அந்தக் கித்தாருக்கு நாலு கம்பிதான் கீறியிருந்தான். ஆறு கம்பி என்பது படிக்காத எனக்கே தெரியும்.

கோப்பைக்கு இந்தப் பக்கம் பாட்டுப் போட்டியில் ஜெயித்த பேச்சி. அந்தப் பக்கம் பரிசு கொடுக்க வந்த மசாலாக் கம்பெனி மேனேஜர். அவர் கையில் என் மைக். எதிரே மிக்சர் பலகைக்குப் பின்னால் நான். போட்டோ எடுப்பவன் "கொஞ்சம் சிரிங்கக்கா" என்கிறான். பேச்சி சிரிக்கவில்லை. மூணாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் ஆத்தாவைப் பார்த்தாள். பிறகு மேனேஜர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினாள்.

அப்போது அவள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சிலதை முதலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அதன் கனம் உங்களுக்குப் பிடிபடாது.

எனக்கும் கோப்பைக்கும் ஆகாது

போன வாரம் இங்கே எழுதின என் முதல் ஆம்ப்ளிபயர் கதையைப் படித்துவிட்டு ஒருவர் போன் பண்ணினார். "அண்ணே, சங்கீதத்துக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்க, உங்களுக்கு விருது ஏதும் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

விருதா? போடியிலிருந்து மலை வரைக்கும் எவன் வீட்டுக் கல்யாணமானாலும், காது குத்தானாலும், கட்சிக் கூட்டமானாலும் மைக்செட்டு சுருளி வந்தால்தான் சத்தம். என் பாக்ஸ் பேசினால் பக்கத்து ஊர் சிலமலையில் மாடு திரும்பிப் பார்க்கும். இதற்குமேல் எவன் எனக்கு என்ன விருது கொடுக்கப் போகிறான்?

போட்டி நடத்துகிறவர்களை எனக்கு ரொம்ப காலமாகத் தெரியும். முதலில் என்னிடம்தான் வருவார்கள். வாடகை பேசும்போதே குழைவார்கள். "அண்ணே, கொஞ்சம் பாத்துச் செய்ங்க. உங்க பேரைப் பேனர்ல போடுறோம், நல்ல விளம்பரம்."

"எம்பேரு எம்பாக்ஸ்லயே எழுதியிருக்குப்பா" என்பேன்.

என்னிடம் ஆடுகிற அதே ஆட்டத்தைத்தான் பாடுகிற பிள்ளைகளிடமும் ஆடுவார்கள். சினிமாக்காரன் பாட்டு வேண்டாம், நாங்களே எழுதி நாங்களே பாடுவோம் என்று கிளம்பிய பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்த விளம்பரம் என்ற வார்த்தை பாயசம் மாதிரி. காலையில் வரச் சொல்லிச் சாயங்காலம் மேடை ஏற்றினாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நுழைவுக் கட்டணம் அவர்களே கட்டுவார்கள். போனில் ஓட்டுப் போட வேண்டும் என்றால் மாமன் மச்சான் ஒருத்தன் விடாமல் கூப்பிட்டுக் கெஞ்சுவார்கள். கடைசியில் எவனுக்குச் சொந்தபந்தம் அதிகமோ அவன் பாட்டு நல்ல பாட்டு.

பரிசு வாங்கினவர்கள் என்ன ஆனார்கள்? நான் பார்த்த ஒருத்தனைச் சொல்கிறேன். ஜில்லா பூராவும் பாடிக் கோப்பை வாங்கினான். அலமாரி கொள்ளவில்லை. இன்றைக்கு அவன் பிளாட் விற்கிறான். ஆபீசுக்குப் போயிருந்தேன். பெரிய கோப்பையில் ஏழெட்டுப் பேனாவும் ஒரு ஈ மட்டையும் நின்றன. பாட்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம்ணே, கார்னர் பிளாட் ஒண்ணு இருக்கு, பாக்குறீங்களா?" என்கிறான்.

கோப்பை வாங்காமல் திருவிழா திருவிழாவாகப் பாடிக்கொண்டு திரிகிறவன் இன்றைக்கும் வருஷத்துக்கு நாலு தடவை எனக்குச் சோலி கொடுக்கிறான். எவன் பாடகன் என்று நீங்களே சொல்லுங்கள்.

மரத்தில் கட்டின குழாய்

எனக்கு எவன் பரிசு கொடுத்தான்? ஏலக்காய் மூட்டை தூக்கினவன் நான். ஸ்டோரில் புகைபோட்டு உலர்த்தின காய் மூட்டை முதுகில் ஏறும்போது சூடு சட்டையைத் தாண்டி இறங்கும். வாசம் நன்றாகத்தான் இருக்கும். சுமக்கிறவனுக்கு மூச்சு வாங்கும்போது அந்த வாசம் தொண்டையில் குத்தும்.

அந்தக் கூலியில் வாங்கின பழைய குழாய் ஸ்பீக்கரையும் பேட்டரியையும் ஜீப்பு மேலே கட்டிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறினேன். எஸ்டேட்டில் ஒரு மாரியம்மன் கோயில் பொங்கல். உயரமான மரத்தில் நானே ஏறிக் குழாயைக் கட்டினேன். போட்டேன் பாருங்கள், பள்ளத்தாக்கில் போய் முட்டி, போன சத்தம் திரும்பி வந்தது. சனம் ஆடுகிறது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்க எஸ்டேட்டு சூப்பர்வைசர், மலையாளத்துக்காரர், மூச்சிரைக்க ஏறி வந்தார். "சேட்டா, ஒச்ச குறைக்கணும், அவிட ஒண்ணும் கேக்கான் பற்றுன்னில்லா" என்றார். சத்தத்தைக் குறை, அங்கே ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை என்கிறார்.

எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று அதுதான். ஒரு மலையைத் தாண்டி எரிச்சல்பட வைத்தேனே! கோப்பை எதற்கு?

சரி, பேச்சிக்கு வருகிறேன்.

பெட்டி மேல் உட்கார்ந்த புருஷன்

முத்துப்பேச்சி எங்கள் தெருப் பிள்ளை. ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில் வேலை. அவள் புருஷன் பாண்டி எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஓட்டுகிறான். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் பேச்சி. ராசிங்காபுரத்துப் பையன் ஒருத்தன் கித்தார். பாண்டி ஒரு மரப்பெட்டி மேல் குத்தவைத்து அதையே தட்டுவான். தாளம் என்கிறார்கள். நான் பார்த்தமட்டில் நாற்காலி கிடைக்காதவன் மாதிரி இருந்தது.

"ஏண்டா மாப்ளே, ஒழுங்கா ஒரு டிரம்மு வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மாமா, இது வெளிநாட்டுல எல்லாம் வாசிக்கிறாங்க."

"வெளிநாட்டுல பனி பெய்யிதுன்னு நீ போடியில ஸ்வெட்டர் போடுவியா?"

கிண்டல் கிண்டலாக இருக்கட்டும். பேச்சி எழுதின ஒரு பாட்டு இருக்கிறது. அவள் ஆத்தா ராசம்மா விடியக்கருக்கலில் ஜீப்பு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள். ஜீப்பில் இடம் ஏது? பின்னால் தொங்கிக்கொண்டு, மேல்கம்பியைப் பிடித்தபடியே அத்தனை வளைவும் ஏற வேண்டும். மண்ணில் உட்கார்ந்து அடித்தூரில் காய் எடுத்துவிட்டு, அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பாட்டு இவ்வளவுதான்:

*கம்பியப் பிடிச்ச கை காயெடுக்கப் போகுது*
*காயெடுத்த கை திரும்பக் கம்பியப் பிடிக்குது*
*நடுவுல எங்காத்தா எங்கிட்டு இருந்தா?*

மூணாவது வரியை அவள் கத்திப் பாடுவதில்லை. காணாமல் போன சாவியைத் தேடுகிற மாதிரி சாதாரணமாகக் கேட்பாள். அதுதான் ஆளைப் போட்டுத் தள்ளும். நான் கேட்காத பாட்டில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு மைக் வேண்டும் என்று பேச்சி கடைக்கு வந்தாள். மசாலாக் கம்பெனி நடத்துகிற போட்டி. ஜெயித்தால் சென்னையில் நல்ல ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு பண்ணி, படமும் எடுத்துக் கொடுப்பார்களாம்.

"போகாதே ஆத்தா" என்றேன். "பாட்டுக்கு மார்க் போடுறவன் எவனும் பாட்டுக் கட்டுனதில்ல."

"பதிவு பண்ண எங்களுக்கு வேற வழி இருக்கா மாமா? போன்ல எடுத்தா ஜீப்பு சத்தம்தான் கேக்குது."

"எங்கிட்டச் சொன்னா நான் பண்ண மாட்டேனா?"

"உங்ககிட்டப் பண்ணா மாரியம்மன் கோயில் குழாய் மாதிரி இருக்கும் மாமா" என்று சிரித்துவிட்டாள். அந்த வாய்க்கு நான் மைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன்.

போகிறபோது, "நம்ம பாட்டு என்ன விலைக்குப் போகும்னு ஒரு தடவ பாக்கணும்ல" என்றாள். ஏலக்கூடத்துப் பேச்சு. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தட்டில் நீட்டும் காய்

ஏலக்கூடம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் காயைப் பார்க்காமல் எவனும் விலை கேட்க மாட்டான். ஒருத்தர் சரக்கு ஒரு லாட்டு. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பிடி எடுத்து வியாபாரிகள் முன்னால் நீட்டுவார்கள். பேச்சிக்கு அந்த வேலைதான். வியாபாரி காயை உருட்டுவான், உரிப்பான், கடிப்பான், மிச்சத்தைத் தரையில் போடுவான். சாயங்காலம் அந்தத் தரையில் நடந்தால் செருப்புக்கு அடியில் பச்சைக் காய் நொறுங்கும்.

விலை ஏறி ஒரு இடத்தில் நிற்கும். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சரக்குக்காரன் ஒத்துக்கொள்ள வேண்டும். விலை கட்டுபடியாகவில்லை என்றால், "கொடுக்கல" என்று ஒரு வார்த்தை சொல்வான். அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கோபப்பட மாட்டார்கள். மூட்டை அவனுடையது, திருப்பி எடுத்துக்கொள்வான். ஏலம் விடுகிறவர் "அடுத்த லாட்டு" என்று போய்க்கொண்டே இருப்பார்.

எவ்வளவு பெரிய வியாபாரி ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் வாயைப் பொத்த வேண்டியதுதான். பேச்சி தினமும் கேட்டு வளர்ந்த வார்த்தை அது.

மேனேஜர் போட்ட மசாலா

போட்டியன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கமிஷன் கடைக்காரர்கள், காய் சலிக்கிற பெண்கள், லோடு ஏற்றுகிறவர்கள் என்று பாதிப்பேர் ஏலக்காய்ச் சனம். ராசம்மா அன்றைக்கு வேலைக்குப் போகாமல், பெட்டியிலிருந்து எடுத்த சேலையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர். ஒருத்தி கம்பெனி முதலாளிக்குச் சொந்தக்காரப் பெண், முக்கால்வாசி நேரம் போனைத்தான் பார்த்தாள். மூணாவது ஆள் சென்னைக்காரர். மண்டபத்துக்கு உள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. எனக்கு வந்து சவுண்டு சொல்லிக்கொடுத்தார். "லோ மிட் கொஞ்சம் கட் பண்ணுங்க" என்றார். சரி சார் என்று, எதிலும் சேராத ஒரு குமிழைத் திருகினேன். "இப்பதான் கரெக்டு" என்றார்.

மதுரையிலிருந்து ஒரு காலேஜ் குழு. பாதிப் பாட்டு இங்கிலீசு, மீதி இருமல். இன்னொரு குழுவில் பாடினவன் கண்ணைத் திறக்கவே இல்லை. மேடையை விட்டு விழுந்துவிடுவானோ என்று என் ஸ்பீக்கர் மேல்தான் எனக்குக் கவலை.

பிறகு பேச்சி பாடினாள். மூணாவது வரி வந்தபோது பந்தியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. வேறு எதைச் சொல்ல?

முதல் பரிசு அவளுக்குத்தான். அதில் நான் குறை சொல்ல முடியாது. ஆயிரம் தடவை போட்டி நடத்தினால் ஒரு தடவை சரியாக விழத்தானே செய்யும்.

பாண்டி பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்து ஆடினான். பேச்சி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஸ்டுடியோ கிடைத்துவிட்டது, ஆத்தா பாட்டு ஊருக்கெல்லாம் கேட்கப் போகிறது.

அப்போதுதான் மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த அருமையான பாட்டு இனிமே எங்க கம்பெனியோட சொத்து! சென்னையில பெரிய லெவல்ல ரெக்கார்டு பண்றோம். ஒரே ஒரு சின்னத் திருத்தம். மூணாவது வரி கொஞ்சம் சோகமா இருக்கு. சமையக்கட்டுக்குச் சோகம் ஆகாது பாருங்க!" என்று சொல்லிவிட்டு அவரே பாடினார்:

*நடுவுல எங்க மசாலா நாடெல்லாம் மணக்குது!*

கறுப்புக் கண்ணாடி தலையை ஆட்டி, "கேட்சியா இருக்கு" என்றார். கொஞ்சப்பேர் கையும் தட்டினார்கள்.

பேச்சி மேனேஜர் பக்கம் திரும்பினாள். மைக் அவர் கையில் இருந்ததால் அவள் பேசினதும் லேசாகக் கேட்டது. "சார், அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும் சார். மத்ததை எப்பிடி வேணாலும் வச்சுக்கங்க."

"அதெல்லாம் சென்னையில பாத்துக்கலாம்மா. முதல்ல கோப்பையப் பிடி, போட்டோ எடுக்கணும்."

"அந்த வரி இருக்குமா, இருக்காதா சார்?"

"ஏம்மா, விளம்பரத்துல ஆத்தா எங்கன்னு கேட்டா எவன் மசாலா வாங்குவான்?"

பின்னால் பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, "பிடிடி, கோப்பையப் பிடி" என்றான்.

அடுத்த லாட்டு

ஆரம்பத்தில் நான் நிறுத்தின இடம் இதுதான். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். பேச்சி ஆத்தாவைப் பார்த்தாள். ராசம்மா முன்நாற்காலியின் முதுகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜீப்பில் பிடிக்கிற அதே பிடி.

பேச்சி மைக்கை வாங்கினாள்.

"கொடுக்கல" என்றாள்.

ஏலக்கூடத்தில் கேட்கிற வார்த்தையைக் கல்யாண மண்டபத்து மேடையில் கேட்டால் யாருக்குத்தான் உடனே புரியும்? பிறகு கடைசி வரிசையிலிருந்து லோடு ஏற்றுகிற ஒருத்தன் இரண்டு கையையும் வாயில் குவித்து, "அடுத்த லாட்டு!" என்று கத்தினான்.

மண்டபம் இடிந்துவிட்டது. கமிஷன் கடைக்காரர்கள் நாற்காலியைத் தட்டுகிறார்கள். காய் சலிக்கிற பெண்கள் குலவை போடுகிறார்கள். என் மீட்டரில் சிவப்பு விளக்கு ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

சென்னைக்காரர் என்னிடம் ஓடி வந்து கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்க சொல்றாங்க? எதுக்குங்க கத்துறாங்க?"

"சரக்கைத் திருப்பிட்டா சார்."

"அப்பிடியெல்லாம் செய்யலாமா? போட்டியில ரூல் இருக்கே!"

"உங்க ரூலு சென்னையில சார். இங்க மூட்டை யாருதோ, பேச்சு அவங்களது."

கோப்பை மதுரைப் பிள்ளைகளுக்குப் போனது. ஆறு மாசம் கழித்து அவர்கள் பாட்டோடு அந்த மசாலா விளம்பரம் வந்தது. இருமல் மாதிரியே இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பொடியை வாங்குவதை அன்றோடு நிறுத்தச் சொன்னேன்.

விற்காத சரக்கு

நடந்ததைச் சுகமாக எழுதிவிட்டேன். பேச்சிக்கு அது சுகமாக இல்லை. சாமான்களை வேனில் ஏற்றும்போது மண்டபத்துக்கு வெளியே புருஷனும் பொண்டாட்டியும் சண்டை.

"ஒரு வரிதானடி! ஒத்த வரி! ஸ்டுடியோவே போச்சேடி!"

"ஒத்த வரிதான? அப்ப உங்காத்தாள வச்சு நீ எழுதிக் குடு."

"எங்காத்தாள ஏண்டி இழுக்குற?"

"அதேதான் நானும் கேட்டேன்."

பாண்டி பெட்டியை ஜீப்பில் எறிந்துவிட்டுத் தனியாகப் போய்விட்டான். அதற்குப் பிறகு வெகுநாள் அவன் பெட்டியைத் தொடவில்லை. கித்தார் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். பேச்சி எப்போதும்போல ஏலக்கூடத்தில் தட்டு நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கடைப்பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டேன். "நான்தான் அப்பவே சொன்னேன்ல ஆத்தா, போட்டின்னாலே ஏமாத்து. போனதுல என்ன கெடச்சது?"

"போகாட்டி, அந்த வரி அவுகளுக்கே உறுத்துற வரின்னு எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல மாமா."

"அதத் தெரிஞ்சு என்ன செய்ய?"

"ஏலத்துக்குப் போனா வித்துட்டுத்தான் வரணும்னு யாரு சொன்னா? விலை தெரிஞ்சுக்கிட்டு வரலாம். திருப்புன சரக்கு அடுத்த ஏலத்துக்கு வராதா?"

இதற்குச் சொல்ல என்னிடம் எத்தனையோ இருந்தது. கடையில் ஆள் வந்துவிட்டது.

இந்த வருஷம் காலேஜ் மைதானத்தில் இன்னொரு போட்டி. வேறு ஆட்கள், அதே மாதிரிக் கோப்பை, அதே பசை வாடை. சவுண்டு நான்தான், வேறு யார்? சாயங்காலம் பேர் கூப்பிடும்போது பேச்சி மேடை ஏறினாள். பின்னாலேயே பாண்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியோடு வந்தான். கித்தார் பையன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

அறிவிப்பாளர், "மேடம், இது ஏற்கனவே பாடுன பாட்டாச்சே, புதுசு ஏதும் இல்லையா?" என்றார்.

"பழசு இன்னும் விக்கலைங்க" என்றாள் பேச்சி.

பாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. அப்படியே பெட்டியில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான்.

எஸ்டேட்டு ஜீப்புகள் மலையிலிருந்து இறங்குகிற நேரம். மைதானத்தை ஒட்டின ரோட்டில் ஒரு ஜீப்பு வேகம் குறைந்தது. பின்னால் தொங்கிக்கொண்டு வந்த பெண்கள் கம்பியை விடாமலே மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

போட்டிகளைப் பற்றி நான் நினைப்பதில் மாற்றம் கிடையாது. நடுவர்கள் அன்றைக்கு என்ன மார்க் போட்டார்கள் என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மூணாவது வரி வந்தபோது என் விரல் பேச்சியின் சத்தத்தை மேலே தள்ளியது. ரோட்டைத் தாண்டிக் கேட்கிற அளவுக்குத் தள்ளினேன். வேறு எந்தக் குழுவுக்கும் நான் அப்படிச் செய்யவில்லை. அநியாயம் என்று யாராவது புகார் கொடுப்பதானால் கொடுக்கட்டும்.

மைக்செட்டு என்னுடையது.